புதுப்பிப்பு: ஜெம்பேயின் தொய்ந்த தோல் – கயிறு இறுக்கியாச்சு

பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி. என் ஜெம்பேயின் (மேற்கு ஆப்பிரிக்கக் கை மேளம்) ஆட்டுத்தோல் தொய்ந்து ஸ்லாப் அடி (விளிம்பருகே கையால் அடிக்கும் கூர்மையான அடி) மந்தமாகக் கேட்கிறது, கயிறுகளைக் குறுக்கே பின்னி இறுக்கும் முடிச்சைக் கூட்டலாமா என்று கேட்டிருந்தேன். "முடிச்செல்லாம் அப்புறம், முதலில் நெடுக்குக் கயிற்றை இழுங்க" என்ற யோசனைதான் பலித்தது. நெடுக்குக் கயிறு என்றால் மேளத்தின் பக்கவாட்டில் மேலும் கீழுமாக ஓடித் தோலை இழுத்துப் பிடிக்கும் கயிறு.

பழைய முடிச்சுகளை அவிழ்த்துவிட்டு, நெடுக்குக் கயிற்றை ஒவ்வொரு இழையாகச் சுற்றிச் சுற்றி இழுத்தேன். வெறுங்கையால் முடியாது, கயிற்றை ஒரு கட்டையில் சுற்றிக்கொண்டு, காலை மேளத்தில் ஊன்றி இழுக்க வேண்டும். சுருதி பாதிக்கு மேல் இதிலேயே ஏறிவிட்டது. பிறகுதான் மாலி பின்னல், அதாவது அந்தக் குறுக்கு முடிச்சு: இரண்டு நெடுக்குக் கயிறுகளுக்கு அடியில் நுழைத்து, ஒன்றின் மேலாகத் திருப்பி, வெடுக்கென்று இழுத்தால் அந்த இரண்டும் பின்னிக்கொள்ளும். ஒரு வரிசைகூட முழுசாகத் தேவைப்படவில்லை.

எதிர்பாராதது: தோலைப் பிடித்திருக்கும் மேல் வளையம் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. எதிர்ப்பக்கக் கயிறுகளை மட்டும் இழுத்ததும் சமமானது. மறுநாள் சுருதி கொஞ்சம் இறங்கியது, இன்னும் சில முடிச்சு போட்டேன்.

நைலான் கயிறு வேண்டாம், நீண்டுகொண்டே போகும். நீளாத பாலியஸ்டர் கயிறே சரி. தோலைத் தீயில் காய்ச்சச் சொன்னவருக்கு: செய்து பார்க்கவில்லை, தேவையும் வரவில்லை.