செல்லுக்குள் எலும்புக்கூடு வேண்டாம்: சைட்டோஸ்கெலிட்டனுக்கு ‘இழைக்கட்டு’

அன்புள்ள நண்பர்களுக்கு, வணக்கம்.

செல்லுக்குள் ஓடி அதற்கு வடிவமும் அசைவும் தரும் புரத இழைகளின் அமைப்பான சைட்டோஸ்கெலிட்டனுக்குத் தமிழ்ச்சொல் கேட்டு மதுரை நண்பர் எழுதிய பிறகு செல் எலும்புக்கூடு, குழியவன்கூடு, செல் சட்டகம், செல் சாரம் என நான்கு சொற்கள் வந்துவிட்டன. ஒலிபெயர்ப்பாகவே விட்டுவிடலாம் என்றும் ஒருவர் எழுதியிருக்கிறார். நான் இன்னொரு சொல்லை முன்வைக்கிறேன்: இழைக்கட்டு. சென்னையில் ஒரு கல்லூரியில் தமிழ்வழி மாணவர்களுக்குச் செல்லியல் நடத்துகிறேன். இந்தச் சொல் எனக்கு அன்றாடத் தேவை. அதனால் சற்று விரிவாக எழுதுவதைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

மூலச்சொல்லைச் சைட்டோ (செல்), ஸ்கெலிட்டன் (எலும்புக்கூடு) என்று இரண்டாகப் பிரித்துப் பாதிக்குப் பாதி பெயர்த்ததில்தான் எலும்புக்கூடு வந்து சேர்ந்தது. பொருளைப் பார்த்திருந்தால் வந்திருக்காது. நம் உடலின் செல் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். சைட்டோபிளாசம், அதாவது உட்கருவுக்கு வெளியே இருக்கும் பகுதி, முழுவதும் புரத இழைகள் ஓடுகின்றன. மிக மெல்லியவை ஆக்டின் இழைகள். தடிப்பு சுமார் 7 நானோமீட்டர். அடுத்தவை இடைநிலை இழைகள், சுமார் 10 நானோமீட்டர். தோலிலும் முடியிலும் இருக்கும் கெரட்டின் இந்த வகை. எல்லாவற்றிலும் தடித்தவை நுண்குழல்கள். டியூபுலின் என்ற புரதம் வரிசை வரிசையாகக் கோத்து, பெரும்பாலும் 13 வரிசைகள் பக்கவாட்டில் ஒட்டி, உள்ளே வெற்றிடமுள்ள 25 நானோமீட்டர் குழலாகிறது.

இவற்றில் எலும்பைப் போல நிலைத்து நிற்பது எது? ஒரு நுண்குழல் நுனியில் வளர்ந்துகொண்டே போகும். திடீரென்று அந்த நுனி பிரிந்து மளமளவென்று குறுகும். பிறகு அதே குழல் மறுபடியும் வளரத் தொடங்கும். மிட்சிசன், கிர்ஷ்னர் என்ற இரு ஆய்வாளர்கள் 1984-இல் இதை விளக்கிக் காட்டினார்கள். வெள்ளையணு ஒரு பாக்டீரியாவைத் துரத்தும்போது அதன் முன்பக்கத்தில் ஆக்டின் இழைகள் புதிதாக உருவாகிச் சவ்வை முன்னே தள்ளுகின்றன. பழைய இழைகள் பின்னால் கரைகின்றன. நுண்குழல்கள் குளிர் பட்டாலே பிரிந்துவிடக்கூடியவை. மின்நுண்ணோக்கி வந்த பிறகும் அவை பரவலாகக் கண்ணில் படாமல் இருந்ததற்கு இதுவும் ஒரு காரணம். அன்றைய முறையில் ஆஸ்மியம் சேர்மத்தைக் கொண்டு குளிரில் திசுவைப் பதப்படுத்தும்போதே அவை குலைந்துவிட்டன. 1963 வாக்கில் திசுவைப் பதப்படுத்தக் குளூட்டரால்டிஹைடு என்ற வேதிப்பொருள் புழக்கத்துக்கு வந்த பிறகே தாவர, விலங்குச் செல்களில் அவை பரவலாக இருப்பது தெரிந்தது.

குளிரில் பிரிந்துவிடும் ஒன்றை ‘வன்’கூடு என்று எப்படிச் சொல்வது? குழியவன்கூடு என்ற சொல்லைத் தந்த யாழ்ப்பாணத்து ஆசிரியை அவர்கள் மன்னிக்க வேண்டும். இலங்கைப் பாடநூல்களின் குழியவுரு (சைட்டோபிளாசம்), வன்கூடு (எலும்புக்கூடு) ஆகிய இரண்டும் தனித்தனியே அழகான சொற்கள். மனித உடலுக்கும் நண்டின் ஓட்டுக்கும் வன்கூடு பொருந்துகிறது. இங்கே பொருந்தவில்லை. எலும்புக்கூட்டில் இன்னொரு தொல்லையும் உண்டு. தமிழ்க் காதில் அந்தச் சொல் செத்தவரைத்தான் நினைவூட்டும். உயிர்ச்செல்லின் ஓட்டத்துக்கெல்லாம் காரணமான பகுதிக்கு அந்தப் பெயர் வேண்டாம்.

‘செல் சாரம்’ சொன்ன தம்பி பொருளை நன்றாகவே பார்த்திருக்கிறார். சவுக்குக் கம்புகளைக் கயிற்றால் கட்டி எழுப்பும் சாரத்தை வேலைக்கு ஏற்ப அவிழ்த்து வேறிடத்தில் கட்டுவார்கள்; இழைகளும் அப்படித்தான் நடந்துகொள்கின்றன. ஆனால் சாரம் கட்டடத்துக்கு வெளியே நிற்பது, கட்டடம் முடிந்ததும் கழற்றப்படுவது. செல்லின் இழைகளோ கடைசிவரை உள்ளேயே இருந்து சுமை தாங்குகின்றன. அதோடு, செல் சாரம் என்று படிக்கிற மாணவர் செல்லிலிருந்து பிழிந்தெடுத்த சாறு என்றே முதலில் எண்ணுவார். வேறு புரதங்களை ஓரிடத்தில் கூட்டிப் பிடித்து நிறுத்தும் புரதங்களுக்கும் ஆய்வாளர்கள் சாரம் என்ற பொருளுள்ள பெயரையே வைத்திருக்கிறார்கள். நாளை அதை மொழிபெயர்க்கும்போது இரண்டும் மோதிக்கொள்ளும். சட்டகம் இவற்றைவிட எவ்வளவோ மேல். பழக்கமான சொல், சொல்லவும் எளிது. இருந்தாலும் கதவுச் சட்டகம், படச் சட்டகம் என்று அசையாத பொருள்களோடுதான் அது இத்தனை நாளும் வாழ்ந்திருக்கிறது.

என் முக்கிய வாதம் இனிமேல்தான். ஒரு கலைச்சொல்லைத் தேர்ந்தெடுக்கும்போது நாம் பெயரை மட்டும் பார்க்கிறோம். அதைவிட, அந்தப் பெயரோடு சேர்ந்து வரும் வினையைப் பார்க்க வேண்டும். பாடம் நடத்தும்போது சைட்டோஸ்கெலிட்டன் என்று ஒருமுறை சொன்னால், அது உருவாகிறது, கலைகிறது, மறுபடி அமைகிறது என்று பத்து முறை சொல்ல வேண்டியிருக்கிறது. எலும்புக்கூட்டுக்கு அப்படி ஒரு வினை கிடையாது. இழைக்கட்டுக்கு உண்டு: இழை கட்டும், இழை அவிழும். கட்டு என்பது முடிச்சு, பிணைப்பு, மூட்டை, கட்டடம் என்று நம் பேச்சில் விரிந்துகொண்டே போகிற சொல். மயிலாப்பூர், திருவல்லிக்கேணிப் பக்கம் பழைய வீடுகளில் முதல் கட்டு, இரண்டாம் கட்டு என்று இன்றும் சொல்கிறார்கள். பிணைப்பு, கட்டுமானம் ஆகிய இரண்டு பொருளும் நமக்கு இங்கே தேவை. ஒரே சொல்லில் இரண்டும் இருக்கின்றன.

ஆய்வகத்தில் இது எப்படி உதவும் என்று பாருங்கள். வெங்காயத்தைத் தண்ணீர் நிறைந்த டம்ளரின் வாயில் உட்காரவைத்து வேர்விடச் செய்கிறோம். காலையில் வேர்நுனிகளை வெட்டி, ஆல்கஹாலும் அசிட்டிக் அமிலமும் கலந்த கரைசலில் போடுகிறோம். பிறகு அசிட்டோகார்மைன் சாயமேற்றி, ஸ்பிரிட் விளக்கின் மேல் இலேசாகச் சூடுகாட்டி, வடிதாளை மேலே வைத்துக் கட்டைவிரலால் அழுத்தினால் செல்கள் ஒற்றை அடுக்காகப் பரவுகின்றன. நுண்ணோக்கியில் பார்க்கும் மாணவருக்குச் சில செல்களில் குரோமோசோம்கள் சிவப்புக் கோலாக நட்டநடுவில் அணிவகுத்திருப்பது தெரியும். எது இவற்றை இப்படி நிறுத்தி வைத்திருக்கிறது என்று கேட்பார். நிறுத்தி வைத்திருக்கும் கதிர்க்கோல், அதாவது செல் பிரியும்போது நுண்குழல்களால் உருவாகும் அமைப்பு, இந்தச் சாயத்தில் தெரிவதில்லை. வெட்டுவதற்கு முன் அதே வேர்களைச் சில மணி நேரம் கோல்ச்சிசின் என்ற தாவர நச்சுப்பொருளின் கரைசலில் வைத்துவிட்டுப் பார்த்தால், அணிவகுப்பு இருக்காது. குரோமோசோம்கள் செல்லுக்குள் சிதறிக் கிடக்கும். கோல்ச்சிசின் டியூபுலினைப் பற்றிக்கொண்டு இழை கட்டவிடாமல் தடுக்கிறது. ‘இழை கட்டவில்லை, அதனால் கதிர்க்கோல் இல்லை, அதனால் அணி இல்லை’ என்று தமிழில் சொல்லும்போது மாணவர் முகத்தில் விளங்கிய தெளிவு தெரிகிறது. கண்ணுக்குத் தெரியாத பொருளை அதன் வினையால்தான் காட்ட முடியும்.

அந்தக் கோல்ச்சிசின் நம் மாநில மலரான செங்காந்தளின் விதையிலும் கிழங்கிலும் இருக்கிறது என்பதையும் வகுப்பில் நான் சொல்லாமல் விடுவதில்லை. சென்னையில் சுற்றுச்சுவர் ஓரமெல்லாம் பூத்து நிற்கும் நித்தியகல்யாணியும் இதே வரிசையில் வரும். அதிலிருந்து எடுக்கும் வின்கிரிஸ்டின், வின்பிளாஸ்டின் இரண்டும் டியூபுலின் இழை கட்டுவதைத் தடுத்துப் புற்றுச்செல்களைப் பிரிந்து பெருகவிடாமல் நிறுத்துகின்றன. குழந்தைகளின் இரத்தப் புற்றுநோய்க்கு வின்கிரிஸ்டின் இன்றும் கொடுக்கப்படுகிறது.

இனி, செல்லின் மரபுப்பொருள் இருக்கும் உட்கரு. பெரியவர் ஐயா எழுதியிருந்தார்:

> உட்கரு என்ற சொல்லையும் இத்தோடு மாற்றிவிடலாம். கரு என்றால் சிசு, முட்டையின் மஞ்சள் கரு என்றெல்லாம் குழப்பம் வருகிறது.

ஐயா, குழப்பம் உண்மைதான். ஆனாலும் உட்கரு தமிழ்நாட்டுப் பாடநூல்களில் ஊறிவிட்டது. 1831-இல் ஆர்க்கிட் மலர்ச் செடிகளின் செல்களில் அதைக் கண்டு பெயரிட்ட இராபர்ட் பிரௌனும் கொட்டைக்குள் இருக்கும் பருப்பைக் குறிக்கும் இலத்தீன் சொல்லைத்தான் எடுத்துக்கொண்டார். உள்ளே இருக்கும் சாரமான பகுதி என்ற பொருள் உட்கருவில் தெளிவாக இருக்கிறது. அதை அசைக்க வேண்டாம். ‘செல்’லுக்குப் பதில் உயிரணு என்று எழுதச் சொல்லும் நண்பர்களுக்கும் ஒரு வார்த்தை: ஊர்முழுக்க இருக்கும் மருத்துவமனை விளம்பரங்களில் உயிரணு என்றால் விந்தணு என்று ஆகிவிட்டது. பாடத்தில் செல்லே இருக்கட்டும்.

உட்கருவைப் பற்றிப் பேச வேறு காரணமும் இருக்கிறது. இழைகளையும் உட்கருவையும் நாம் வெவ்வேறு பாடமாக நடத்துகிறோம். செல்லில் அவை அப்படிப் பிரிந்திருக்கவில்லை. இரட்டைச் சவ்வாலான உட்கரு உறையின் உள்பக்கம் லேமின் என்ற புரதங்கள் வலையாகப் பின்னி உறையைத் தாங்குகின்றன. இந்த லேமின்களும் இடைநிலை இழைகளின் குடும்பமே. உறையின் இரு சவ்வுகளையும் ஊடுருவி நிற்கும் புரதங்கள் உள்ளே லேமின் வலையையும் வெளியே ஆக்டினையும் நுண்குழல்களையும் பிணைக்கின்றன. செல்லின் ஓரத்தில் இழுத்தால் அந்த இழுவிசை உட்கருவரை போய்ச் சேர்கிறது. செல் இரண்டாகப் பிரியும்போது லேமின் வலை அவிழ்ந்தால்தான் உறை குலையும். பிரிந்து முடிந்ததும் வலை மறுபடி கட்டும். லேமின் ஏ மரபணுவில் ஏற்படும் பிழையால் குழந்தைகளுக்கு முதுமை வந்துவிடும் புரோஜீரியா நோய் உண்டாகிறது என்பது 2003-இல் தெரியவந்தது. அந்த நோயாளிகளின் செல்களில் உட்கரு உருண்டையாக இல்லாமல் கோணலும் புடைப்புமாக இருக்கும். ஆகவே சைட்டோபிளாசத்தை மட்டும் குறிக்கும் முன்னொட்டு எதுவானாலும் குறைப்பட்டதே. ‘செல் இழைக்கட்டு’ என்றால் இரண்டு பக்கத்துக்கும் இடம் இருக்கிறது. லேமின் வலையை ‘உட்கரு இழைவலை’ என்று சொன்னால் உறவும் விளங்கும்.

ஒலிபெயர்ப்புக் கட்சிக்கும் என் பதிலைச் சொல்லிவிடுகிறேன். ஆக்டின், டியூபுலின், லேமின், கைனசின் எல்லாம் தனிப் புரதங்களின் பெயர்கள், அப்படியே இருக்கட்டும். ஒரு கருத்தைக் குறிக்கும் சொல் வேறு. சைட்டோஸ்கெலிட்டன் என்று எழுதினால் மாணவர் அதை மனப்பாடம் செய்வாரே தவிர, அதிலிருந்து ஒரு வாக்கியமும் சொந்தமாக எழுத மாட்டார். விடைத்தாள் திருத்துகிறவர்களுக்கு இது தெரியும்.

இன்னும் ஒன்று மீதி இருக்கிறது. உட்கரு உறையில் இருக்கும் வழிகளை இப்போது ‘உட்கருத் துளை’ என்கிறோம். துளை என்றால் எதுவும் போகும், எதுவும் வரும். இங்கே அப்படி இல்லை. சுமார் 30 வகைப் புரதங்கள் எட்டு மடிப்புச் சமச்சீராக அடுக்கி நிற்கும் பெரிய அமைப்பு அது. சிறிய மூலக்கூறுகளை விட்டுவிட்டு, பெரிய புரதங்களிடம் உரிய அடையாளத் தொடர் இருக்கிறதா என்று பார்த்தே உள்ளே அனுப்புகிறது. ‘உட்கரு வாயில்’ என்பது என் யோசனை. வாயில், வாய் என்ற இரண்டும் வகுப்பில் காதுக்குக் குழம்புமோ என்ற தயக்கம் மட்டும் இருக்கிறது. யாழ்ப்பாணத்து ஆசிரியை அவர்களும் மதுரை நண்பரும் தங்கள் மாணவர்களிடம் இழைக்கட்டையும் வாயிலையும் சொல்லிப் பார்த்து எழுதினால் நன்றாக இருக்கும். அடுத்த பருவத்துக்கான செய்முறைக் குறிப்பேட்டை நான் இன்னும் அச்சுக்குக் கொடுக்கவில்லை.

அன்புடன்,
சென்னையிலிருந்து