சின்ஸ் 2019 போட்டா "ஆம் வொர்க்கிங்" ஏன் தப்பு? ஹெல்ப் பண்ணுங்க

கொழிஞ்சாம்பாறைக்காரன்:
வணக்கமுங்க, வாளையார் பக்கம் ஒரு லாரி ஆபீஸ்ல பில்லிங் பாக்குறேன், படிச்சது பூரா தமிழ் மீடியம், வீட்டுல தமிழு வெளிய மலையாளம், இங்கிலீஷ் மெயில்ல மட்டுந்தான். வேற கம்பெனிக்கு அப்ளிகேஷன் போடலாம்னு "ஐ ஆம் வொர்க்கிங் ஹியர் சின்ஸ் 2019"னு எழுதி மாமா பொண்ணுகிட்ட காட்டுனேன், சிவப்பு மையில சுழிச்சுட்டா, ஏன்னு கேட்டா அது அப்படித்தாங்குறா. "ஐ ஹேவ் சென்ட் தி பில் எஸ்டர்டே"னு பார்ட்டிக்கு மெயில் போட்டேன், அதுவும் தப்பாம். நான் வேலை பாத்துட்டுதானே இருக்கேன், பில்லும் அனுப்பியிருக்கேன்தானே? 12 டென்ஸ் அட்டவணை மனப்பாடமா இருக்கு, எழுத உக்காந்தா ஒண்ணும் வரமாட்டேங்குது.

லோடுமேன்:
சின்ஸ எடுத்துட்டு ஃப்ரம் 2019னு போடுங்க ப்ரோ, சரியாயிடும்.

கம்பம் டீச்சர்:
ஃப்ரம் போட்டாலும் தீராது தம்பி. "2019ல இருந்து வேலை பாக்குறேன்"னு நிகழ்காலத்துல சொன்னாலே நமக்குப் போதும், அந்த "இருந்து" இத்தனை வருஷத்தையும் இழுத்துட்டு வந்துரும். மலையாளத்துலயும் "2019 முதல் ஜோலி செய்யுந்நு"தான், குமுளியில இருந்து பஸ் புடிச்சு நம்மகிட்ட படிக்க வந்த பிள்ளைகளும் இதே எடத்துலதான் வழுக்குவாய்ங்க, அட்டவணைய எத்தனை தடவ எழுதவெச்சாலும் சரி. இங்கிலீஷ்ல அந்த இழுப்பை வினையே காட்டணும்: ஐ ஹேவ் பீன் வொர்க்கிங் ஹியர் சின்ஸ் 2019. ஆரம்பிச்ச வருஷம் தேதின்னா சின்ஸ், எவ்வளவு காலம்னா ஃபார், ஃபார் ஃபைவ் இயர்ஸ்ங்கிற மாதிரி. ஆனா "நோ" (know, தெரியும்) மாதிரி வினையில இங் ஒட்டாது, ஐ ஹேவ் நோன் ஹிம் சின்ஸ் 2019, அவ்வளவுதான்.

அடுத்தது பில்லு. "நேத்தே அனுப்பியிருக்கேன் சார்"னு நாம தாராளமா சொல்லுவோம். இங்கிலீஷ்ல ஹேவ் சென்ட் வந்தா பக்கத்துல எஸ்டர்டே, லாஸ்ட் வீக், இன் 2019 மாதிரி முடிஞ்சுபோன நேரம் நிக்கக்கூடாது. எப்ப அனுப்புனீங்கன்னு சொல்லணும்னா ஐ சென்ட் தி பில் எஸ்டர்டே. பில்லு வந்தாச்சு, பணத்தைப் போடுங்கன்னு ஞாபகப்படுத்தணும்னா எஸ்டர்டேய தூக்கிட்டு ஐ ஹேவ் சென்ட் தி பில்.

கொழிஞ்சாம்பாறைக்காரன்:
அட இதை யாருமே சொல்லலியேங்க. அப்ப "ஐ ஹேவ் ஜாயின்டு இன் 2019"ம் தப்பு, ஐ ஜாயின்டு இன் 2019 தானே? இன்னொண்ணு, யூடியூப்ல ஒருத்தர் "ஐ ஜஸ்ட் சென்ட் இட்"ங்குறார், ஹேவே இல்ல?

கம்பம் டீச்சர்:
ஜாயின்டு சரி. ஜஸ்ட் வந்தா அமெரிக்காக்காரங்க ஹேவ் இல்லாமலே பேசுவாங்க, பிரிட்டிஷ் வழக்குல பெரும்பாலும் ஐ ஹேவ் ஜஸ்ட் சென்ட் இட்தான், ரெண்டும் ஓடும். நம்ம தமிழோட ஒத்துப்போற எடமும் ஒண்ணு இருக்கு, "லாரி வர்றதுக்குள்ள கோடவுனைப் பூட்டியிருந்தாங்க", இதுல அந்த "பூட்டியிருந்தாங்க"தான் ஹேட் லாக்டு. பை தி டைம் தி லாரி கேம், தே ஹேட் லாக்டு தி கோடவுன்.

லோடுமேன்:
நான் இவ்வளவு நாளா ஃப்ரம் போட்டுத்தான் ஓட்டிட்டு இருக்கேன் டீச்சர் 😅

கொழிஞ்சாம்பாறைக்காரன்:
மாத்தி எழுதி மறுபடி காட்டுனேனுங்க, மேல எல்லாம் ஓகே பண்ணிட்டா, கடைசி வரியில "ஐ ஆம் ஹேவிங் லைசென்ஸ்"னு இருந்ததை சுழிச்சு வெச்சிருக்கா.

கம்பம் டீச்சர்:
ஐ ஹேவ் எ லைசென்ஸ். ஹேவிங்ங்கிறது டீ குடிக்கிறப்ப சொல்லுங்க, லைசென்ஸ் பையில சும்மாதானே இருக்கு.