டிபவுன்சுக்கு ஒரு சொல் வேண்டும், வெள்ளிக்குள்

தருமபுரியிலிருந்து:
அனைவருக்கும் வணக்கம். பாலிடெக்னிக் முதலாண்டு ஆய்வகக் கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. ஏழாவது சோதனை, பட்டனை அழுத்தினால் எண் ஒன்று கூட வேண்டும். ஒரே அழுத்தலில் 3, 4 என்று தாவும். உள்ளிருக்கும் தகடு முனையில் மோதி, சில மில்லிநொடிகள் எகிறி எகிறித்தான் ஒட்டுகிறது. பட்டனைப் படிக்கும் மைக்ரோகண்ட்ரோலர் (சிறு கணினிச் சில்லு) ஒவ்வொரு ஒட்டலையும் ஓர் அழுத்தலாக எண்ணிவிடுகிறது. இதைச் சரிக்கட்டுவதை ஆங்கிலத்தில் டிபவுன்ஸ் என்கிறோம். அதற்குத் 'துள்ளல் நீக்கம்' என்று போட்டிருக்கிறேன். சரிதானா?

ஓசூரிலிருந்து:
'நீக்கம்' பொருந்தாது ஐயா. மின்தேக்கி வைத்தாலும் நிரல் எழுதினாலும் தகடு எகிறத்தான் செய்யும். நாம் அதைக் கண்டுகொள்ளாமல் விடுகிறோம், அவ்வளவுதான். 'துள்ளல்' எதற்கு? பந்து எகிறுது என்றுதான் பிள்ளைகள் பேசுகிறார்கள். 'எகிறல் விலக்கு' என்று வையுங்கள்.

காரிமங்கலத்திலிருந்து:
எகிறு தெலுங்கு வாடை அடிக்கிறது. துள்ளலுக்கு என்ன குறைச்சல்? வெண்பாவுக்குச் செப்பல், ஆசிரியத்துக்கு அகவல், கலிக்குத் துள்ளல் என்று ஓசைக்கே பெயரான சொல். துள்ளு, துளும்பு, துளங்கு எல்லாம் ஒரே வேர் என்பேன், நிலைகொள்ளாமைதான் அடிப்பொருள். நீக்கம் வேண்டாமென்றால் தணிப்பு. ஆனால் புணர்ச்சியோடு எழுதுங்கள்: துள்ளற்றணிப்பு.

ஓசூரிலிருந்து:
> எகிறு தெலுங்கு வாடை அடிக்கிறது

தெலுங்கில் எகுரு, கன்னடத்தில் எகரு, தமிழில் எகிறு. யார் யாரிடம் கடன் வாங்கினார்கள்? எங்கள் பக்கம் ஒரே பெஞ்சில் மூன்று மொழிப் பிள்ளைகள் உட்கார்ந்திருக்கிறார்கள். மூவருக்கும் விளங்குகிற சொல் என்பது ஒரு குற்றமா? உங்கள் துள்ளற்றணிப்பை முதலாண்டு மாணவன் 'துள்ளற்ற அணிப்பு' என்று பிரிப்பான். அணிப்பு என்றால் என்னவென்று அகராதி தேடப் போவான்.

காரிமங்கலத்திலிருந்து:
கற்றூணைப் பார்த்து 'கற்ற ஊண்' என்று எவனும் சோறு தேடிப் போகவில்லையே, தம்பி.

ஊத்தங்கரையிலிருந்து:
சொல் ஒரு பக்கம் இருக்கட்டும். கையேட்டின் சுற்றுப் படத்தில் பிழை இருக்கிறது, அச்சுக்கு முன் திருத்துங்கள். மின்தேக்கியைப் பட்டனுக்கு நேர் குறுக்கே போட்டிருக்கிறீர்கள். அழுத்தும் நொடியில் அதிலுள்ள மின்னூட்டம் முழுவதும் தொடுமுனை வழியே ஒரே பாய்ச்சலாக இறங்கும். நாளடைவில் முனை அரித்துப் போகும். சரியான அமைப்பு இது: 5 வோல்ட்டிலிருந்து 10 கிலோ ஓம் பட்டனுக்கு, பட்டனின் மறுமுனை தரைக்கு. பட்டனும் அந்த 10 கிலோ ஓமும் சேரும் இடத்திலிருந்து இன்னொரு 10 கிலோ ஓம். அதன் மறுமுனையில் தரைக்கு 100 நானோஃபாரட் மின்தேக்கி, வில்லையில் 104 என்று இருக்கும். அங்கிருந்து 74எச்சி14 (மெல்ல மாறும் மின்னழுத்தத்தையும் தடுமாறாமல் படிக்கும் ஷ்மிட் டிரிக்கர் சில்லு), அதன் 1ஆம் கால், வெளியீடு 2ஆம் கால். 14ஆம் காலுக்கு 5 வோல்ட், 7ஆம் கால் தரைக்கு. பயன்படாத உள்ளீடுகள் 3, 5, 9, 11, 13 ஐந்தையும் தரையில் கட்டிவிடுங்கள். தொங்கவிட்டால் கண்டபடி ஆடும்.

அழுத்தும்போது கால மாறிலி (மின்தேக்கி எவ்வளவு மெல்ல மாறுகிறது என்பதன் அளவு) 1 மில்லிநொடி, விடும்போது இரண்டு தடைகளும் சேர்வதால் 2. தேய்ந்த பழைய சுவிட்சுக்கு இது போதாது. 105 எண்ணிட்ட 1 மைக்ரோஃபாரட் போட்டால் பத்து மடங்கு. 74எச்சி14க்குப் பதில் சாதாரணமான 74எச்சி04ஐச் செருகிவிட்டு வேலை செய்யவில்லை என்பார்கள். மெல்ல ஏறும் மின்னழுத்தத்தைச் சாதாரணத் தருக்க வாயிலுக்கு (கேட்) கொடுத்தால் நடுவழியில் அதுவே தடுமாறிப் பல துடிப்புகளை விடும். 74எச்சி14 உள்ளீட்டைத் தலைகீழாக்கித் தரும் என்பதையும் எழுதுங்கள்.

நான்கு கால் பட்டனில் இரண்டிரண்டு கால்கள் உள்ளேயே இணைந்தவை. பிரெட்போர்டில் திருப்பிச் செருகினால் எப்போதும் அழுத்தியபடியே காட்டும். மூலைக்கு மூலை இருக்கும் இரண்டு கால்களை எடுத்தால் எப்படிச் செருகினாலும் தவறாது.

பென்னாகரத்திலிருந்து:
நிரல் வழியில் செய்வது என்ன? 5 மில்லிநொடிக்கு ஒருமுறை படிக்கிறோம். தொடர்ந்து 4 முறை ஒரே நிலை வந்தால்தான் நம்புகிறோம். அடங்கும்வரை காத்திருக்கிறோம். அதனால் 'அடங்கல்' என்றே வைக்கலாமே?

கிருஷ்ணகிரியிலிருந்து:
அம்மா, அடங்கல் வேண்டுமென்றால் கிராம நிர்வாக அலுவலரிடம் போ என்று வீட்டில் சொல்லிவிடுவார்கள்! பயிர்க்கடனுக்கு அலைந்த குடும்பங்களில் அந்தச் சொல் கிராமப் பயிர்க் கணக்கின் பெயராக வேறு வேலையில் இருக்கிறது.

அரூரிலிருந்து:
நம்மூர்க்காரர் ஒருவரிடம் இதற்கு உவமை இருக்கிறது. தகடூர் (இன்றைய தருமபுரி) அதியமான் நெடுமான் அஞ்சியைப் பற்றி ஔவை பாடிய புறநானூறு 89. மன்றத்தில் தொங்கும் தண்ணுமை என்ற பறையின் கண்ணில் (தோல் முகத்தில்) காற்று மோதி ஒலித்தாலே 'அது போர்' என்று எழுந்துவிடுவானாம். மன்னனுக்கு அது புகழ், மைக்ரோகண்ட்ரோலருக்கு அதுதான் நோய். இன்டரப்ட் காலில் (சிறு மாற்றத்துக்கும் உடனே நிரலை எழுப்பும் கால்) பட்டனை நேரடியாக மாட்டினால் நடப்பது அதேதான். எனவே வினையைப் பெயராக்குவோம்: 'பொறுத்தறிதல்'. தகடூரில் தகடு இருப்பதையும் சொல்லாமல் விட மனமில்லை.

காரிமங்கலத்திலிருந்து:
தகடு + ஊர் ஆராய்ச்சிக்குத் தனி இழை தொடங்குங்கள், புண்ணியமாகப் போகும்.

ஊத்தங்கரையிலிருந்து:
பொறுத்தறிதல் அழகுதான். ஆனால் நிரலில் 200 மில்லிநொடி டிலே (சும்மா காத்திருக்கும் கட்டளை) போட்டுவிட்டு 'பொறுத்துவிட்டேன் சார்' என்பான். அந்த நேரத்தில் வேறெதுவும் ஓடாது, வேகமான அடுத்த அழுத்தலும் தவறிப்போகும்.

தருமபுரியிலிருந்து:
நாள் நெருங்கிவிட்டது. நான்கு பேர் தணிப்புக்கு, புணர்ச்சி இல்லாமல். 'டிபவுன்ஸ் எனப்படும் துள்ளல் தணிப்பு' என்று முதலிடத்தில், பிறகு 'துள்ளல் தணிப்பு'. எகிறும் கால அளவுக்கு 'அடங்குநேரம்'. அதில் மட்டும் யாரும் சண்டை போடவில்லை. படம் திருத்தியாயிற்று.

அரூரிலிருந்து:
என் மறுப்பைப் பதிந்துகொள்ளுங்கள். தணிப்பு என்றால் துள்ளலின் வீச்சு குறைகிறது என்று பொருள். இங்கே தகடு முன்பு துள்ளிய அளவே துள்ளுகிறது. ஓசூர்த் தம்பி 'நீக்கம்' மீது சொன்ன அதே குற்றம் இதற்கும் உண்டு.

ஓசூரிலிருந்து:
உண்டு ஐயா. தெரிந்தேதான் கை தூக்கினேன்.