மறு: இம்பீடன்ஸ் மேட்சிங்குக்குத் தமிழ்ச் சொல் – ‘சமன்’ வேண்டாம், ‘விஞ்சல்’ பார்க்கலாமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

கிட்டார் மாடலரின் (கிட்டார் பெருக்கியின், அதாவது ஆம்ப்பின், ஒலியை மின்னணு முறையில் உருவாக்கும் கருவி) ஹெட்போன் ஜாக்கில் எந்த ஹெட்போனைச் செருகலாம் என்ற விளக்கக் கட்டுரைக்காகத் தொடங்கிய இழை இது. இம்பீடன்ஸ் (மின்மறுப்பு) என்பது மாறுமின்னோட்டத்துக்கு ஒரு கருவி காட்டும் எதிர்ப்பு, ஓமில் அளக்கப்படுவது. சமிக்ஞை தரும் மூலத்தின் மறுப்பையும் அதை வாங்கும் சுமையின் மறுப்பையும் பொருத்துவதுதான் மேட்சிங். அதற்கு ‘மின்மறுப்புச் சமனாக்கம்’ என்ற சொல்லுக்கு நிறைய ஆதரவு வந்திருக்கிறது. எனக்கு அதில் உடன்பாடில்லை. சொல் அழகுதான், ஆனால் படிப்பவரைத் தவறான ஹெட்போனை வாங்க வைத்துவிடும்.

> மேட்ச் என்றால் இரண்டும் ஒத்துப்போவது. ஆகவே சமன் என்பதே நேரான சொல்.

சில இடங்களில் அது சரி. வானொலி அனுப்பியில் 50 ஓம் மூலம், 50 ஓம் கேபிள், 50 ஓம் ஆன்டெனா என்று மூன்றும் ஒத்திருக்க வேண்டும், இல்லையென்றால் அலையின் ஒரு பகுதி திரும்பி வரும். சுமையும் மூலமும் சமமாக இருந்தால்தான் சுமைக்கு அதிகபட்சத் திறன் போய்ச்சேரும் என்ற யாக்கோபியின் விதியும் இருக்கிறது. கிட்டார் வாசிப்பவர்களுக்கு இந்த எண்ணம் வால்வு ஆம்ப்பிலிருந்து பழகியது. 8 ஓம் ஸ்பீக்கரை 8 ஓம் ஜாக்கில்தான் செருகுவார்கள், அங்கே அது முறையும்கூட. அதே பழக்கத்தோடு மாடலருக்கு வரும்போதுதான் “வெளியீடு 32 ஓம் என்று போட்டிருக்கிறதே, 32 ஓம் ஹெட்போன்தானே வாங்க வேண்டும்?” என்ற கேள்வி எழுகிறது. ‘சமனாக்கம்’ என்று எழுதினால் “ஆமாம்” என்று பதில் சொன்னதாகிவிடும்.

சரியான பதில் “இல்லை”. ஹெட்போனின் மின்மறுப்பு ஒரே எண் கிடையாது. பெட்டியில் 32 ஓம் என்று அச்சிட்டிருந்தாலும், சுருள் வைத்த சாதாரண டைனமிக் ஹெட்போன்கள் பலவற்றில் ஒத்ததிர்வு வரும் தாழ்ந்த அதிர்வெண்ணில் அது மேலே ஏறும். 85 ஹெர்ட்ஸ் பக்கத்தில் 70 ஓம் வரை போகிறது என்று வைத்துக்கொள்வோம். மாடலரின் வெளியீட்டு மறுப்பு (ஜாக்குக்கே உள்ள மின்மறுப்பு) 47 ஓம் என்றால், ஹெட்போனுக்குக் கிடைக்கும் மின்னழுத்தம் பொதுவாக 41 சதவீதம், அந்த ஏற்றத்தில் மட்டும் 60 சதவீதம். வித்தியாசம் ஏறத்தாழ 3.4 டெசிபெல். கிட்டாரின் தடித்த ஈ கம்பி 82 ஹெர்ட்ஸில் இருக்கிறது என்பதை நினைத்துப் பாருங்கள். அடிநாதம் ஊதிக் கேட்கும். வாசிப்பவர் அதைக் குறைத்து ஒலியைச் சேமித்து வைப்பார், அப்புறம் பெரிய ஸ்பீக்கரில் போட்டால் அதே ஒலி மெலிந்து கிடக்கும். மாடலர்மீதும் குற்றமில்லை, அவர் காதுமீதும் குற்றமில்லை.

அதே ஹெட்போனை 2 ஓம் வெளியீட்டில் செருகினால் வித்தியாசம் 0.3 டெசிபெல்கூட வராது. மூலம் 2, சுமை 32. சமன் இங்கே எங்கே இருக்கிறது?

> பொருத்தம் என்றே வைக்கலாம். பூட்டும் சாவியும் பொருந்துகின்றன, சமமாகவா இருக்கின்றன?

நல்ல வாதம், ‘பொருத்தம்’ என்பதைப் பொதுச்சொல்லாக வைத்துக்கொள்ள நானும் சம்மதிக்கிறேன். ஆனால் பக்கத்தில் ஓம் கணக்கு வந்ததும் வாசகர் இரண்டு எண்களையும் ஒப்பிடத் தொடங்கிவிடுவார். அவருக்கு எந்தப் பக்கம் எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும் என்று சொல்லும் சொல் தேவை. அதற்குத்தான் ‘விஞ்சல்’ என்று முன்வைக்கிறேன். சுமையின் மறுப்பு மூலத்தின் மறுப்பை விஞ்சி நிற்பது மறுப்பு விஞ்சல். எத்தனை மடங்கு விஞ்சுகிறதோ அது விஞ்சுமடங்கு. ஹெட்போன் உலகில் பரவலாகச் சொல்லப்படும் எட்டு மடங்கு விதியை இப்படி எழுதலாம்: “விஞ்சுமடங்கு எட்டுக்குக் குறையாமல் இருக்கட்டும்.” 10 ஓம் வெளியீட்டுக்கு 80 ஓம் ஹெட்போன் என்று வாசகரே கணக்குப் போட்டுவிடுவார்.

> ஆங்கிலத்தில் இதற்கு பிரிட்ஜிங் என்று சொல் உண்டே, பாலமிடல் எனலாமே?

பாலம் என்ற சொல்லில் பெரிது சிறிது எதுவும் தெரியவில்லை. போதாக்குறைக்கு இரண்டு பெருக்கிகளைச் சேர்த்து ஒரே ஸ்பீக்கரை ஓட்டுவதற்கும் அதே பெயர்தான்.

‘தணிப்புக் காரணி’ (டேம்பிங் ஃபேக்டர், ஹெட்போனின் தேவையற்ற அதிர்வு எவ்வளவு அடங்குகிறது என்பதைக் குறிக்கும் பெயர்) என்று ஏற்கெனவே ஒன்று இருக்கிறதே என்று ஒருவர் கேட்டிருந்தார். விகிதம் அதேதான், ஆனால் அந்தப் பெயர் எப்போதும் உண்மை பேசாது. பிளேனார் ஹெட்போன்களில் (சுருளுக்குப் பதில் தட்டையான மெல்லிய படலம் அதிர்பவை) மின்மறுப்பு எல்லா அதிர்வெண்ணிலும் கிட்டத்தட்ட ஒரே அளவு, அதனால் வெளியீட்டு மறுப்பு கூடினால் ஒலி சற்றுக் குறையுமே தவிர அதன் நிறம் மாறாது. தணிக்க அங்கே பெரிதாக எதுவும் இல்லை. விஞ்சுமடங்கு என்றால் வெறும் விகிதத்தை மட்டும் சொன்னதாக இருக்கும்.

இன்னொரு காரணம் எனக்கு முக்கியமாகப் படுகிறது. கிட்டாரைச் செருகும் முனையிலும் நடப்பது இதேதான். கம்பியின் அதிர்வை மின்சமிக்ஞையாக்கும் பிக்கப்பின் மறுப்பு சில கிலோ ஓமில் தொடங்கி உயர்ந்த சுரங்களில் இன்னும் ஏறும், மாடலரின் உள்ளீடு பொதுவாக 1 மெகா ஓம். சுமை பல மடங்கு விஞ்சுவதால்தான் கம்பியின் பளபளப்பு மங்காமல் உள்ளே வருகிறது. ஒரே சொல் இரண்டு முனைக்கும் பொருந்துகிறது, ‘சமன்’ இரண்டுக்குமே பொருந்தாது.

விஞ்சல் கூடக்கூட எல்லாமே நல்லது என்ற எண்ணமும் வந்துவிடக்கூடாது. 1 வோல்ட் மட்டும் தரும் ஜாக்கில் 32 ஓம் ஹெட்போனுக்கு 31 மில்லிவாட் கிடைக்கும், 250 ஓமுக்கு 4 மில்லிவாட்தான். பேயர்டைனமிக் டிடி 770 ப்ரோ 32, 80, 250 ஓம் என்று தனித்தனியாக விற்பனைக்கு வந்தது இதனால்தான். சென்ஹைசர் எச்டி 600 போன்ற 300 ஓம் ஹெட்போனுக்கு விஞ்சுமடங்கு தாராளம், ஆனால் சிறிய மாடலரில் சத்தம் போதாமல் போகலாம். கட்டுரையில் இதற்குத் தனிப் பத்தி வேண்டும்.

மின்மறுப்பு என்ற சொல்லைச் சிலர் இம்பீடன்ஸின் ஒரு பகுதியான ரியாக்டன்ஸுக்கும் வைத்திருக்கிறார்கள். நம் பட்டியலில் அதை இம்பீடன்ஸுக்கு மட்டும் ஒதுக்குவோம். மாடலருக்கு ‘மாதிரிப்பான்’ இப்போதைக்கு வேண்டாம், ஒலித்துணுக்குகளைப் பதிந்து வாசிக்கும் சாம்பிளருக்கும் அதே சொல் தேவைப்படும். மாடலர், ஹெட்போன் இரண்டும் அப்படியே இருக்கட்டும்.

பட்டியலுக்கு நான் தருவது:

வெளியீட்டு மறுப்பு – மாடலரின் ஜாக்குக்கே உள்ள மின்மறுப்பு.
சுமை மறுப்பு – செருகப்படும் ஹெட்போனின் மின்மறுப்பு.
மறுப்புச் சமன் – இரண்டும் சமமாக இருப்பது. வானொலிக் கேபிள்கள் போன்றவற்றுக்கு மட்டும்.
மறுப்பு விஞ்சல் – சுமை மறுப்பு பல மடங்கு கூடியிருப்பது.
விஞ்சுமடங்கு – அந்த மடங்கின் எண்.

கையேடுகளில் ‘16 முதல் 300 ஓம் வரை’ என்று வருவது சுமை மறுப்பின் வரம்பு, வெளியீட்டு மறுப்பு அல்ல. இந்த இரண்டும்தான் அதிகம் குழம்புகின்றன, ஆகவே முதல் இரண்டு சொற்களையாவது இந்தச் சுற்றிலேயே உறுதி செய்துவிடலாம். ‘விஞ்சல்’, ‘விஞ்சுகை’ இரண்டில் எது நாவுக்கு எளிது என்று சொல்லுங்கள்.