பீரியட்ஸ் நின்ன பிறகு வயிறும் நெஞ்சும்: உங்க அனுபவம் சொல்லுங்க

கொங்குப் பொண்ணு:
எடை போன வருசமும் 61, இப்பவும் 61. ஆனா பாவாடை நாடா எட்ட மாட்டேங்குது. கை காலெல்லாம் மெலிஞ்சு வயிறு மட்டும் முன்னாடி வந்துடுச்சுங்க. செக்கப் போன இடத்துல டாக்டரம்மா எடை மிஷின் பக்கமே திரும்பலை. இன்ச் டேப்பை எடுத்து இடுப்புல சுத்தினாங்க. 93 சென்டிமீட்டர். "நம்ம பொம்பளைங்களுக்கு 80 தாண்டினாலே கவனிக்கணும்மா. இது தோலுக்கடியில இருக்கிற கொழுப்பு இல்ல, ஈரல், குடலைச் சுத்திச் சேர்ந்தது"ன்னாங்க. கெட்ட கொழுப்பு எல்டிஎல்லும் 118ல இருந்து 156. சாப்பாடு ஒண்ணும் மாறலை. அந்த 93 இன்னும் கண்ணுக்குள்ளயே நிக்குது. வேற யாருக்காவது இப்படி ஆச்சுங்களா?

மலைக்கோட்டை:
எங்க அண்ணிக்கு 49 வயசு. ராத்திரி குப்புன்னு வேர்த்துச்சு. இந்த வேர்வை அவங்களுக்குப் பழகினதுதான், ஃபேனைக் கூட்டி வெச்சுட்டு உக்காந்துட்டாங்க. எப்பவும் முகம் சூடா ஜிவ்வுன்னு ஏறும். அன்னிக்கு நான் நெத்தியைத் தொட்டா ஐஸ் மாதிரி சில்லுன்னு இருக்கு. நெஞ்சுவலி இல்ல, தாடையில மட்டும் ஒரு இறுக்கம். பக்கத்து கிளினிக்ல கேஸ்னு ஊசி போட்டு அனுப்பிட்டாங்க. விடியக்காலை பெரிய ஆஸ்பத்திரியில ஈசிஜி எடுத்ததும் மாரடைப்புன்னு நேரா ஸ்டென்ட். இப்ப நல்லா இருக்காங்க. என் கைக்குத்தான் அந்த நெத்தி மறக்க மாட்டேங்குது.

வைகைக்கரை:
கொங்கு, பயப்படாதீங்க, எல்லாம் ஹார்மோன் குறைஞ்சதுதான். எனக்கு ஹார்மோன் மாத்திரை கொடுத்தாங்க, உடம்புச் சூடு நின்னு தூக்கம் வந்துச்சு. அதுல இருக்கிற ஈஸ்ட்ரோஜன் ஹார்மோன் ஹார்ட்டுக்கும் பாதுகாப்புதானே, நீங்களும் கேட்டு வாங்குங்க.

ரிட்டயர்டு நர்ஸ்:
வைகை, இதை நான் ஒத்துக்க மாட்டேன்மா. சூட்டுக்கும் தூக்கத்துக்கும் அது நல்ல மருந்து. ஹார்ட்டுக்குன்னு கேட்டு வாங்கச் சொல்றதுதான் தப்பு. 90கள்ல எங்களுக்கும் அப்படித்தான் சொல்லிக் கொடுத்தாங்க. 2002ல அமெரிக்காவுல டபிள்யூ.எச்.ஐ.ன்னு பெண்கள் உடல்நலத்தைப் பத்தின பெரிய ஆய்வு, 16,608 பெண்கள், ஈஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்டின்ங்கிற இன்னொரு ஹார்மோனும் சேர்ந்த மாத்திரை. மாரடைப்பு, பக்கவாதம், மார்பகப் புற்றுநோய் கூடினதால அந்தப் பகுதியைப் பாதியிலேயே நிறுத்திட்டாங்க. அதுல சேர்ந்தவங்க சராசரி வயசு 63. பீரியட்ஸ் நின்னு பத்து வருசத்துக்குள்ள ஆரம்பிக்கிறவங்களுக்கு ஆபத்து குறைவுன்னு பின்னாடி தெரிஞ்சுது, வாஸ்தவம். அதுக்காக இதயத்தைக் காப்பாத்தன்னே யாரும் எழுதிக் கொடுக்கிறதில்ல.

இன்னொண்ணு. சினைப்பை ஓய்ஞ்ச பிறகும் கொழுப்புத் திசு ஈஸ்ட்ரோன்னு ஒரு வகை ஈஸ்ட்ரோஜனைச் செஞ்சுக்கிட்டுதான் இருக்கு. அப்படின்னா குண்டானவங்களுக்கு ஹார்ட் பாதுகாப்பு கூடணுமே? கூடலையே! வயித்துக் கொழுப்பு இன்சுலினை வேலை செய்ய விடாது, ரத்தத்துல ட்ரைகிளிசரைடுங்கிற கொழுப்பு ஏறும், நல்ல கொழுப்பு எச்டிஎல் இறங்கும். கொங்கு, மூணு மாச சராசரி சுகர் காட்டுற எச்பிஏ1சி பாருங்க, பி.பி. பாருங்க, தட்டுல சோத்தைக் குறைச்சு பயறு, சுண்டல், முட்டை ஏத்துங்க. நடந்தா மட்டும் பத்தாது, தசை வைக்கிற மாதிரி வெயிட் தூக்கணும். என் வார்டுல ஒல்லியா ஒரு அம்மா, வயிறு மட்டும் பானை, மூணு ரத்தக்குழாயிலயும் அடைப்பு. அவங்க முகம் இன்னும் நினைவிருக்கு.

மலைக்கோட்டை, அண்ணிக்கு எத்தனை வயசுல நின்னுச்சு? 45க்கு முன்னாடின்னா ஹார்ட் ஆபத்து கூடுதல்.

வைகைக்கரை:
எனக்கு 50ல ஆரம்பிச்சது, பி.பி., மாமோகிராம் எல்லாம் பார்த்துத்தான் கொடுத்தாங்க அக்கா. ஆனா ஹார்ட்டுக்குன்னு டாக்டர் சொல்லலை, அது சரிதான்.

மலைக்கோட்டை:
நர்ஸ் அக்கா, அண்ணிக்கு 43லயே கர்ப்பப்பையோட ரெண்டு சினைப்பையையும் எடுத்துட்டாங்க. ஸ்டென்ட் வெச்ச இடத்துல இதை யாருமே கேக்கலை. அடுத்த ரிவ்யூக்கு அந்த ஆபரேஷன் பைலையும் எடுத்துட்டுப் போறோம்.