வைனில் ஓடியதும் ஓடாததும்: திருகோணமலை அனுபவங்கள்

உவர்மலை, கொம்யூனிகேஷன் கடை:

விண்டோஸ் 10க்கான வழமையான இலவச ஆதரவு 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியோடு நின்றுபோனது. எங்கள் கடைக் கணினிகள் விண்டோஸ் 11ஐ ஏற்காத பழசுகள். சரி என்று விண்டோஸுக்குப் பதிலாக இலவச இயங்குதளமான லினக்ஸ் மின்ட் அடித்தோம். போட்டோக்கொப்பி, ஸ்கேன், இணைய விண்ணப்பம் எல்லாம் ஒரு கரைச்சலும் இல்லை. தலையிடி தந்தது பக்கம் வடிவமைக்கும் பழைய விண்டோஸ் மென்பொருளான பேஜ்மேக்கர்தான். கோயில் திருவிழா நோட்டீஸ், கல்யாணக் கார்ட், அந்தியேட்டிக்கு அடிக்கிற கல்வெட்டுப் புத்தகம் என்று வருடக்கணக்கான வேலை அதற்குள் கிடக்கிறது. “அப்பாவுக்குச் செய்த மாதிரியே அம்மாவுக்கும் வேணும்” என்று வருகிறவர்களிடம் கோப்பு திறக்கவில்லை என்று சொல்ல முடியுமா?

விண்டோஸ் மென்பொருளை லினக்ஸில் ஓட்டித் தரும் வைன் என்ற மென்பொருளில் பேஜ்மேக்கர் நிறுவல் ஓடியது, கோப்பும் திறந்தது. ஆனால் தேவாரம் இருக்க வேண்டிய பக்கத்தில் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக ஒரு குப்பை. இதில் வைன்மீது பழியில்லை. நாங்கள் அடித்தது பாமினி எழுத்துருவில். அது, தமிழ் எழுத்துக்கென்று தனி இலக்கம் வைத்திருக்கும் யூனிகோட் எழுத்துரு அல்ல. ஆங்கில எழுத்துகளின் இடங்களில் தமிழ் வடிவங்களை வைத்திருக்கும் பழைய முறை. அந்த எழுத்துரு இல்லாத கணினி எதுவானாலும் இப்படித்தான் காட்டும். பாமினியை லினக்ஸின் எழுத்துருக் கோப்புறையில் போட்டுவிட்டு பேஜ்மேக்கரைத் திரும்பத் திறந்தேன், தேவாரம் வந்தது. லினக்ஸில் இருக்கும் எழுத்துருக்களை வைனும் எடுத்துக்கொள்ளும், ஆகவே வைனுக்கென்று தனியாகப் போடத் தேவையில்லை. ஆங்கில வரிகள் மட்டும் கொஞ்சம் தள்ளி உடைந்தன. வைனுக்குத் தேவையானவற்றை நிறுவித் தரும் வைன்ட்ரிக்ஸில், கோர்ஃபொண்ட்ஸ் என்ற எழுத்துருத் தொகுதியைப் போட்டதும் ஏரியலும் டைம்ஸும் வந்து, வரிகள் பழைய இடத்திலேயே முறிந்தன.

பிரிண்டர் விஷயத்தில் ஒன்று. விண்டோஸ் டிரைவர் சீடியை வைனுக்குள் போட்டு மினக்கெடாதீர்கள். லினக்ஸின் அச்சு அமைப்பான கப்ஸ் வழியாக அச்சடிக்கும் பிரிண்டர் வைனுக்குள் தானாகவே தெரியும்.

கிண்ணியா, ஸ்டிக்கர் கடை:

நானா, பிரிண்டருக்கு நீங்கள் சொன்னது சரி. எங்களுடையது வெட்டுகிற மெஷின். ஓட்டோவுக்கும் ஃபைபர் போட்டுக்கும் பெயர் வெட்டுவோம். மெஷினின் யூஎஸ்பி கேபிளை லினக்ஸ் சீரியல் போர்ட்டாகத்தான் எடுக்கிறது, பெயர் டிடிஒய்யூஎஸ்பி0. விண்டோஸில் அப்படியான போர்ட்டுக்கு கொம் என்றுதான் பெயர்; வைன் இதற்குத் தானாக கொம்33 என்ற பெயரைக் கொடுத்துவிடுகிறது. எங்கள் பழைய மென்பொருளின் பட்டியலிலோ கொம்1 முதல் சில இலக்கங்கள்தான். பிறகு எங்கே போய்த் தெரிவது?

வைனின் டொஸ்டிவைசஸ் கோப்புறையில் கையால் இணைப்புப் போடு என்று பழைய குறிப்புகளில் இருக்கும். இப்போதைய வைன் தொடங்கும்போது அதைத் தன் பாட்டுக்கு மாற்றி எழுதிவிடும். வைனின் அமைப்புகளைத் திருத்தும் ரெஜெடிட்டைத் திறந்து, லோக்கல் மெஷின், சொஃப்ட்வெயார், வைன், போர்ட்ஸ் என்று உள்ளே போய், கொம்1 என்ற பெயரில் அந்த டிடிஒய்யூஎஸ்பி0 பாதையை எழுத வேண்டும். அதோடு உங்கள் பயனர் பெயரை, சீரியல் போர்ட்டைப் பாவிக்க லினக்ஸ் அனுமதிக்கும் டயல்அவுட் குழுவில் சேர்த்து, வெளியேறித் திரும்ப உள்ளே வர வேண்டும். அதைச் செய்யாவிட்டால் போர்ட் தெரியும், மெஷின் அசையாது. அசைந்த அன்றைக்கு முதலில் வெட்டியது ஒரு மூதூர் போட்டின் பெயர்.

ஆனால் எம்பிராய்டரிக்கு வைத்திருக்கும் மற்ற மென்பொருள், செருகினால்தான் அது ஓடும் என்ற யூஎஸ்பி பூட்டுச் சாவி கேட்கிறது. அது மட்டும் சரிவரவே இல்லை. யாராவது செய்து பார்த்தீர்களா?

பாலையூற்று, ஆசிரியர்:

தம்பி, அது வராது, விட்டுவிடுங்கள். வைன் செய்வது, விண்டோஸிடம் ஒரு மென்பொருள் கேட்கும் வேலையை லினக்ஸிடம் கேட்டு முடித்துக் கொடுப்பது. திரை, கோப்பு, எழுத்துரு, போர்ட் வரைக்கும் அது போதும். அந்த வகைப் பூட்டுச் சாவிக்கு விண்டோஸின் அடிமையமான கர்னலுக்குள் உட்காரும் டிரைவர் வேண்டும். லினக்ஸில் அந்தக் கர்னலே இல்லையே. கணினிக்குள் இன்னொரு கணினி போல ஓடும் வேர்ச்சுவல்பொக்ஸில் விண்டோஸை வைத்து யூஎஸ்பியை அதற்குக் கொடுத்துப் பாருங்கள். ரம் கொஞ்சம் கூடத் தேவைப்படும்.

வயதான மென்பொருளுக்கு வைன் நல்ல துணை என்பது என் அபிப்பிராயம். 1993இல் தொடங்கிய வேலை இது. அடுத்த வருடத்திலிருந்து அலெக்சாண்டர் ஜூலியார் பொறுப்பில் இருக்கிறது. 1.0 பதிப்பு வெளியானது 2008இல்தான். அவ்வளவு காலமும் பழைய விண்டோஸின் மூலைமுடுக்கெல்லாம் பார்த்திருக்கிறார்கள். என்னிடம் விண்டோஸ் 3.1 காலத்து நேரசூசி மென்பொருள் ஒன்று இருக்கிறது. அது 16 பிட், 64 பிட் விண்டோஸ் அதைத் தொடவே தொடாது. வைனில் ஓடுகிறது. நேற்று வந்த மென்பொருளை வைனில் போட்டுக் கஷ்டப்படுகிறவர்களைத்தான் நான் அதிகம் கண்டிருக்கிறேன்.

மட்டிக்களி, மாணவன்:

சேர், கேம் பக்கம் அப்படி இல்லை. 2018இல் ஸ்டீம் கேம் தளத்தை நடத்தும் வால்வ் கம்பெனி, வைனை வைத்துச் செய்த புரோட்டனை விட்டபிறகு புதிய கேம்களும் ஓடுகின்றன. அதற்குள் இருக்கும் டிஎக்ஸ்விகே, கேம் விண்டோஸின் டைரக்ட்எக்ஸிடம் கேட்கும் படவேலையை லினக்ஸிலும் உள்ள வல்கனுக்கு மாற்றிக் கொடுக்கிறது. ஏமாற்றுத் தடுப்பைக் கர்னலுக்குள் வைக்கும் ஒன்லைன் கேம்கள் மட்டும் இல்லை. நீங்கள் சொன்ன அதே காரணம்.

நிலாவெளி, சுழியோடும் கடை:

எங்களுக்கு வைன் தேவைப்படாமலே போனது. புறாத் தீவுக்குக் கூட்டிப்போகிறவர்களின் கையில் கட்டும் சுழியோட்டக் கணினியிலிருந்து ஆழமும் நேரமும் எடுக்க ஒரு விண்டோஸ் மென்பொருள் வைத்திருந்தோம். அதை வைனில் போட முன்னர் தேடியபோது அதே வேலை செய்யும் சப்சர்ஃபேஸ் கிடைத்தது. லினக்ஸுக்கே எழுதியது, தொடங்கியவர் லினக்ஸையே உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ், 2011இல். மனிதர் தானும் சுழியோடுகிறவராம்! ஆகவே வைனைத் திறக்க முதல் லினக்ஸிலேயே மாற்று இருக்கிறதா என்று ஒருக்கால் பாருங்கள். கிண்ணியாத் தம்பி சொன்ன டயல்அவுட் குழு எங்களுக்கும் வேண்டியிருந்தது.

உவர்மலை, கொம்யூனிகேஷன் கடை:

ஒன்று விடுபட்டுவிட்டது. வாடிக்கையாளர்களின் பென் டிரைவ். லினக்ஸ் என்றால் வைரஸ் இல்லை என்று கடைப் பெடியன்கள் நம்பிக்கொண்டு, கோப்புறை மாதிரிப் படம் போட்ட எக்ஸ்இ என்ற விண்டோஸ் நிரல் கோப்புகளை அமத்திவிடுவார்கள். வைன் அதையும் ஓட்டப் பார்க்கும். வைனின் இசட் டிரைவ் என்பது முழு லினக்ஸ் கோப்பு மரம், எங்கள் வீட்டுக் கோப்புறையும் அதற்குள்தான். வைனின் அமைப்புப் பக்கமான வைன்சிஎஃப்ஜியில் இசட்டை எடுத்துவிட்டேன், டொக்கியுமென்ட்ஸ் இணைப்பையும் வெட்டினேன். அதனால் முழுப் பாதுகாப்பு வந்துவிடாது. ஆகவே பென் டிரைவ் செருகும் கணினியில் இப்போது வைனே இல்லை. பேஜ்மேக்கர் உள்ளே இருக்கும் மற்றக் கணினியில் மட்டும்.