வீட்டுக்குக் கீழேயே பட்டாசுக் கடை, யாரிடம் போவது?

கோவை, கணபதி பக்கம். முதல் மாடியில் வாடகைக்கு இருக்கோம். கீழே செருப்புக் கடை இருந்த ஷட்டரில் அஞ்சு நாளா பட்டாசு விக்கிறாங்க. தீபாவளிக்கு இன்னும் ஒன்பது நாள்.

நாங்க ஏறி இறங்க ஒரே படிக்கட்டு. அதுக்கு அடியிலதான் பட்டாசுப் பெட்டிகளை அடுக்கியிருக்காங்க. ஒட்டினாப்பல எங்க ஈ.பி. மீட்டர். நேத்து ராத்திரி ஒருத்தர் அந்தப் பெட்டி மேலயே உட்கார்ந்து பீடி பத்த வைக்கிறார்! மாமியாருக்கு முழங்கால் வலி, அவசரம்னா ஓட முடியாது.

வீட்டு ஓனர், "ரெண்டு வாரம் பொறுத்துக்குங்க"ன்னுட்டார். கடைக்காரர் லைசென்ஸ் இருக்குங்கறார், காட்ட மாட்டேங்கறார். ஸ்டேஷன்ல தாலுகா ஆபீஸுக்குப் போகச் சொன்னாங்க, அங்கே ஸ்டேஷனுக்கே திரும்பப் போகச் சொன்னாங்க. முதல்வர் உதவி மையம் 1100-ல புகார் பதிஞ்சு மூணு நாளாச்சு. போட்டோ, வீடியோ இருக்கு.

2008 வெடிபொருள் விதிகளைப் படிச்சுப் பார்த்தேன். மேலே குடியிருப்பு இருந்தா, படிக்கட்டுக்குக் கீழே இருந்தா, கடையே கூடாது. தற்காலிகக் கடைன்னாலும் தீப்பிடிக்காத ஷெட், குடியிருப்பிலிருந்து 50 மீட்டர் தள்ளி.

மாநகர எல்லைக்குள்ள உடனே வந்து பார்த்து மூட வைக்கிற அதிகாரம் யாருக்கு, மனுவை யார் பேருக்கு எழுதணும்?